நோகாத பக்கம்

முதலில் நொந்தது வலப்பக்கம். அதனால் வலப்பக்கத்துக்கே பயந்தேன்.

அப்போது மகன் நடந்து திரிகிற வயது. காலபோக நெல்விதைப்பு வரமுன் அவனைப் பால் மறக்கப்பண்ண நினைத்தோம். மறக்காவிட்டால் உருத்திரபுரத்து வரம்பெல்லாம் என் பின்னால் அழுதுகொண்டு வருவான்.

பால் வற்ற எங்கள் ஆட்கள் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துச் சீலைத்துண்டால் இறுக்கிக் கட்டுவார்கள். எனக்குக் கட்டினது மச்சாள், இவருடைய தமக்கை. எங்களோடு இருந்தவா.

"மூச்சு விடேலாமல் கிடக்கு, மச்சாள்."

"நீ மூச்சு விட்டால் பாலும் விடும். பேசாமல் நில்."

மகன் கிட்ட வந்து பூவை மணந்து பார்த்தான். பூ என்றால் அவனுக்குக் கோயில். "அம்மா கோயில்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சில நாளில் இடப்பக்கம் தணிந்தது. ஒரு இடத்தில் மட்டும் கச்சான் (நிலக்கடலை) கொட்டை அளவில் ஏதோ மிஞ்சிக் கிடந்தது. அமத்தினாலும் நோவில்லை. மச்சாள் தொட்டுப் பார்த்தா.

"காய்ஞ்ச பால். பூ இந்தப் பக்கம் நல்லாய்ப் பிடிச்சிட்டுது."

நானும் அப்படித்தான் நம்பினேன். வலப்பக்கம் இன்னும் கல்லாய் இருந்தது. அதற்கு இன்னும் பூ வைத்தோம். இன்னும் இறுக்கினோம்.

வலப்பக்கம் சிவந்தது. தொட்டால் அடுப்புக்கல் போலச் சூடு. குளிரும் காய்ச்சலும் வந்தன. உலக்கையைத் தூக்கக் கை வரவில்லை.

என் சின்னம்மா மார்பில் புற்று வந்து செத்தவா. கடைசியில் நோவில் அவா கத்தின சத்தம் சின்னப்பிள்ளையாய் இருந்த என் காதில் ஏறினது, இறங்கவேயில்லை. மார்பு நொந்தால் அந்தப் புற்று வருத்தம்தான் என்று நினைத்திருந்தேன். அவா கத்தமுன் அது நோகாமல் எத்தனை காலம் உள்ளே இருந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

சோறு போடும்போது பிடிபட்டேன்.

"இஞ்சரும், ஏன் இடக்கையாலை போடுறீர்?"

"மற்றக் கை நோகுது."

"கையோ?"

மச்சாள்தான் சொன்னா. இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பி மாட்டை வண்டிலில் பூட்டினார்.

ஆஸ்பத்திரி விறாந்தை வாங்குப் பலகையில் இருந்தபோது காய்ச்சலை விட வெட்கம் பெரிதாய் இருந்தது. உள்ளே இருப்பவர் ஆம்பிளை டாக்குத்தர். "வீட்டை போவமே?" என்று மச்சாளைக் கேட்டேன். "வண்டிலிலை வந்த பாதி உயிரை வண்டிலிலையே கொண்டுபோகவோ?" என்றா.

டாக்குத்தர் வயதானவர். பார்த்த உடனே சொன்னார்.

"சீழ்க்கட்டி."

(பால் கட்டிப்பட்டு, அதற்குள் கிருமி போய், சீழ் கோத்துக்கொள்வது.)

"புற்று இல்லையோ, ஐயா?"

"இல்லை. வெட்டிச் சீழை எடுத்தால் மாறும். பாலைக் கட்டி வைக்கக்கூடாது, பிள்ளை. பால்குடியைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைச்சு வரவேணும்."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு சீலையை இழுத்து மூடினேன்.

"மற்றப் பக்கத்தையும் பாப்பம்."

"அது நோகேல்லை, ஐயா. அது சுகம்."

"அந்தப் பக்கம் பூ பிடிச்சிட்டுது, ஐயா" என்றா மச்சாள்.

"என்ன பூ?"

மச்சாள் விளக்கினா. டாக்குத்தர் சிரித்துக்கொண்டே கையை வைத்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது. பிறகு அவர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கச் சொல்லிக் கமுக்கட்டையும் தடவினார்.

"இது எவ்வளவு காலம்?"

"காய்ஞ்ச பால் எண்டு இருந்தனான்."

"காய்ஞ்ச பால் இப்பிடி ஒட்டி நிக்காது."

சீழ்க்கட்டியை வெட்டினார்கள். அது ஆறிவந்தது. நொந்த பக்கம் நாளுக்கு நாள் சுகமாக, நோகாத பக்கத்துக்கு நான் நடுங்கினேன். குளிக்கையில் தொட்டேன். நெல்லுப் புடைக்கையில் தொட்டேன். தொடுகிறபோதெல்லாம் அது அங்கேயே இருந்தது. ஒருநாள் மகன் என் கையை இழுத்து எடுத்துவிட்டான்.

ரெயில் கோச்சி ஏறி யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கட்டியை மட்டும் எடுத்துச் சோதிக்கக் கொடுத்தார்கள். (ஒரு துண்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, கெட்டதோ இல்லையோ என்று சொல்லுவார்கள்.) மறுமொழி வரும்வரை இருந்த காலத்தை எழுத எனக்குத் தெரியாது. வாட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் எழும்பி இருந்தேன்.

மச்சாள் கட்டிலுக்குக் கீழே பாயில் இருந்தா. வழமையில் வாய் ஓயாதவா. அங்கே என் சீலைகளை மடித்து மடித்து வைத்தா.

"என்ரை கையாலை கட்டினனான்" என்றா ஒருநாள்.

"நீங்கள் கட்டினதாலை இது வரேல்லையாம். டாக்குத்தர் சொன்னவர்."

"அப்ப?"

"காய்ஞ்ச பால் எண்டு இருந்ததிலை நாள்தான் வீணாய்ப் போட்டுது."

அவா வாய்க்குள் சீலையை வைத்துக்கொண்டா.

புற்றுத்தான் என்று மறுமொழி வந்தது. மார்பை எடுக்கவேணும், கமுக்கட்டில் உள்ள நெரிகளையும் எடுக்கவேணும் என்றார்கள். (நெரி என்றால் சின்னக் கழலை, நோய் முதலில் ஏறுகிற இடம்.) இவர் கேட்டது ஒன்றுதான்.

"ஆள் மிஞ்சுமோ, ஐயா?"

"நேரத்தோடை வந்திருக்கிறியள். பாப்பம்."

ஓமென்றோ இல்லையென்றோ அவர் சொல்லவில்லை. அந்தப் 'பாப்பம்' இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

இதை வாசிக்கிற பெண்ணுக்கு நான் அறிந்ததைச் சொல்லுகிறேன். மார்பு நோகிறதெல்லாம் புற்று இல்லை. மாதவிலக்கு வரமுன் இரண்டு பக்கமும் பாரமாய் நோகும், வந்தால் விடும். உலக்கை போட்டால், மூட்டை தூக்கினால் மார்புக்குக் கீழே உள்ள சதை நோகும். பால் கட்டினால் நோகும். அதோடு சிவந்து காய்ச்சலும் வந்தால் வீட்டில் இருக்கவேண்டாம், போங்கள். பிள்ளை குடிக்காத காலத்தில் அப்படிச் சிவந்தாலும் போங்கள்.

நோகாமல் ஒரு கட்டி நின்றால் அன்றைக்கே போங்கள். தோல் தோடம்பழத் (ஆரஞ்சு) தோல் போலச் சொரசொரத்தால், ஒரு இடம் குழிந்தால், காம்பு உள்ளே இழுத்தால், காம்பில் இரத்தம் கசிந்தால், கமுக்கட்டில் கட்டி தட்டுப்பட்டால், போங்கள். நோவு வரட்டும் என்று பார்த்திருக்கவேண்டாம். நோகிற கட்டியானாலும் காட்டத்தான் வேணும். ஆம்பிளை டாக்குத்தர் என்று வெட்கப்படவேண்டாம். வெட்கம் எனக்குமிருந்தது. அவர் மற்றப் பக்கத்தையும் கேட்டுப் பார்த்திராவிட்டால் நான் இல்லை.

மார்பை எடுத்தபின் இடக்கை உயரவில்லை. விரல்களைச் சுவரில் எறும்பு போல ஏற்றிப் பழகு என்று தாதி சொல்லியனுப்பினா. எங்கள் மண்சுவரில் இவர் கரிக்கட்டியால் கோடு போட்டார். நான் எட்டினால் அடுத்த கோட்டைச் சற்று மேலே போடுவார்.

"இப்பிடியே போனால் முகட்டுக்கு வந்திடுவாய்" என்பா மச்சாள். பாதி பகிடி. பாதி வேண்டுதல் என்று எனக்குத் தெரியும்.

உலக்கை மச்சாளின் கைக்குப் போனது.

முன்பு அறுவடை முடிந்தால் ஆண்டு முடிந்தது. இப்போது அறுவடை முடியத்தான் எனக்குப் பயம் தொடங்கும். நெற்கதிர்ச் சூட்டை அடித்து நெல்லை ஏற்றினதும் கோச்சி ஏறிப் போய்க் காட்டவேணும். டாக்குத்தர் தடவிப் பார்த்து "அடுத்த முறை வாங்கோ" என்பார். அந்தச் சொல்லோடு வந்து வயலில் இறங்குவேன். எனக்கு ஒரு போகம் தந்திருக்கிறார்கள் என்று நினைப்பேன். விதைப்பேன்.

ஆஸ்பத்திரியால் வந்த புதிதில் மகன் என்னிடம் படுக்க வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. தழும்பைக் கண்டு பயப்படுவான் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் தானே வந்து இடப்பக்கம் தலையை வைத்தான். முன்பு மெத்தென்று இருந்த இடம் தட்டையாய் இருந்தது. காதை அழுத்திக் கேட்டுக்கொண்டு கிடந்தான்.

"அம்மா, உள்ளுக்கை ஆரோ நெல்லுக் குத்துகினம்."

"ஓம்" என்றேன். "குத்தட்டும்."