நரிப்பல்

திண்டிவனத்துக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிய கள்ளிக்காட்டை அழித்து மனை போட்ட வருடம் அது. என் வீட்டுக்காரர் அங்கே சுற்றுச்சுவர் எழுப்பும் கொத்தனார். நான் கால்நடை மருந்தகத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். புதர் போனதும் அதிலிருந்த நரிகள் ஊரோரக் குப்பைமேட்டுக்கு வந்துவிட்டன. கறிக்கடைக் கழிவுக்காக நாய்களோடு ஓயாத சண்டை. வெறிநாய் கடித்த மாடுகளை எங்களிடம் ஓட்டிவந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு மதியம் வீட்டுக்கு வந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வயது மகள்; பல் முளைக்கிற ஈறு ஊறி, கிடைத்ததையெல்லாம் கடிக்கிற பருவம். கழுத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கயிறு. அதில் கோத்திருந்த பல்லை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

பிடுங்கி எறிந்துவிட்டு, ஏது இது என்று கேட்டேன். காலையில் ஒரு நரி வேலை செய்த ஆட்களுக்கு நடுவே தள்ளாடி வந்ததாம். விரட்டியும் ஓடவில்லையாம். கடப்பாரையால் அடித்துக் கொன்றார்களாம். நரிப்பல் கட்டினால் பிள்ளை பயந்து அலறாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இவரே குறடால் பிடுங்கி வந்திருக்கிறார், சிமெண்டில் வெந்து வெடித்த கையோடு.

"பகல்ல பயமில்லாம வர்ற நரி நல்ல நரியா? அதுக்கு வெறிங்க" என்றேன்.

"நாய்க்குத்தான அது வரும்?" என்றார். அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு மருந்தக டாக்டரிடம் ஓடினேன். நரியின் தலை கிடைத்தால் சோதித்துச் சொல்லிவிடலாம் என்றார். நரியை ஆட்கள் அப்போதே மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டிருந்தார்கள்.

"பொதர் இருந்தவரைக்கும் நரி வேற, நாய் வேற. இப்ப ரெண்டும் ஒரே குப்பையில மேயுது. யோசிச்சிக்கினு நிக்காதம்மா, ஊசி போட்டுடு" என்றார் டாக்டர்.

பெரியாஸ்பத்திரியில் அப்பாவுக்கும் பெண்ணுக்கும் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி, தினம் ஒன்று. அவள் காலை அவரே பிடித்துக்கொள்வார். நான் அவரோடு பேசவில்லை. ஊசி முடிந்தும் நிம்மதி இல்லை. பல மாதம் கழித்தும் வெறிநோய் வரும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரைக் கண்டு மிரண்டால் முடிந்தது கதை. அவள் குடிக்கும்போதெல்லாம் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் டம்ளரை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி நீட்டினேன். தட்டிவிட்டு வீறிட்டாள். அவர் சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்துவிட்டார். "என் கையாலயே கொன்னுட்டேனே" என்றார்.

அவள் தத்தித் தத்திப் போய், கால் கழுவ வைத்திருந்த வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையால் அள்ளி அள்ளிக் குடித்தாள். டம்ளர்தான் பிடிக்கவில்லை. அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.