பந்தியில் எடுத்த படம்

அம்மாவின் முகத்தை அழித்தவள் நான்தான். வேண்டுமென்றா செய்வேன்? சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பியதில் வந்த வினை.

எங்களிடம் இருந்தது அம்மாவின் ஒரே ஒரு போட்டோ. அப்பா ஸ்டுடியோவில் பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டியது. அம்மா போனபோது எனக்கு நாலு வயது, தம்பிக்கு ஏழு மாதம். எனக்காவது குரல் கொஞ்சம் நினைவிருக்கிறது. தம்பிக்கு அந்தப் போட்டோதான் அம்மா. துபாயிலிருந்து லீவில் வந்தால் எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டுக்குள் நுழைந்து, தோள் பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால்தான் போய் நிற்பான்.

இந்த முறை வருவதற்குப் பத்து நாள் முன்பு போன் செய்தான். "அக்கா, அப்பாயி எப்படி இருப்பாங்கன்னு என் பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா. நான் வந்ததும் அந்தப் போட்டோவை ஸ்கேன் பண்ணி ஆளுக்கொரு காப்பி வச்சுக்கலாம்."

நல்ல யோசனைதான். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணாடியில் வைத்த சந்தனமும் குங்குமமும் திட்டுத்திட்டாக ஏறிக் கிடந்தன. ஸ்கேனில் அசிங்கமாக விழுமே என்று, சாமி படங்களைக் கழுவுகிற மாதிரியே குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். பின்பக்க அட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. பதறிப்போய் அட்டையைப் பிரித்துப் போட்டோவை உருவினேன். தாள் கையோடு வந்தது. முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, கூழாக வழிந்தது.

"எதை எதையோ போன்ல போட்டோ எடுக்குற, இதை ஒரு தடவை எடுத்து வச்சிருக்கக் கூடாதா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏன், உங்க கையில போன் இல்லியா?" என்று அவர் மேல் பாய்ந்தேன். தினமும் சுவரில் தொங்குவதை யார் போய்ப் படம் எடுப்பார்கள்? பாய்ந்து முடித்துவிட்டு, குழாயடியிலேயே உட்கார்ந்து அழுதேன். தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன்?

சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கேட்டுப் பார்த்தேன். எவரிடமும் இல்லை. மூன்றாம் நாள்தான் ஸ்ரீரங்கத்து அக்கா ஞாபகம் வந்தது. அம்மா இருந்தவரை நாங்கள் ஸ்ரீரங்கத்தில்தான் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது தம்பி பிறந்த பிறகு. அம்மா போகாமலா இருந்திருப்பாள்? மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா, "அட ராமா!" என்று தலையில் கைவைத்தார். உடனே பீரோவைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றிய ஆல்பத்தை எடுத்து வந்தார். சும்மா காட்டுவாரா? ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கதை. "இவர்தான் மாலை சின்னதா இருக்குன்னு கோவிச்சுக்கிட்டுப் போனவரு. இவளைப் பாரு, என் நகையைப் போட்டுக்கிட்டு எப்படி நிக்கிறா!" எனக்கோ பொறுமை இல்லை. மேடையில் அம்மா இல்லை. மொய் வரிசையிலும் இல்லை.

கடைசியில் பந்திப் படங்கள். வாயில் சோற்றோடு யார் யாரோ. எந்த ஆல்பத்திலும் நாம் நிற்காமல் புரட்டிவிடும் பக்கங்கள். அக்காவும் புரட்டத்தான் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

மூன்றாவது இலையில் அம்மா. ஒரு கன்னம் உப்பியிருக்கிறது. வலக்கை இலைக்கும் வாய்க்கும் நடுவில். "சாப்பிடறப்பவா எடுப்பே?" என்று கேமராவை முறைக்கிறாள். அந்த முறைப்பு எங்கிருந்து எனக்கு வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து இலையில் நான், அப்பளமே கதி என்று.

"இந்தப் பக்கமெல்லாம் எதுக்கு, கிழிச்சுப் போடுன்னாரு உங்க மாமா. எனக்குத்தான் மனசு வரல. நம்ம வீட்டுல சாப்பிட்டவங்கடி" என்றார் அக்கா. பசையைப் பதமாகப் பெயர்த்துப் படத்தையே என் கையில் கொடுத்துவிட்டார். அவர் காலில் விழுந்தேன். பந்தியில் கேமராவோடு புகுந்து அம்மாவிடம் முறைப்பு வாங்கிய அந்தப் போட்டோகாரர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். வழியிலேயே கடையில் ஸ்கேன் செய்து பத்துப் பிரதி போட்டேன்.

தம்பி வந்தான். வெறும் சுவரைப் பார்த்தான். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, படத்தை நீட்டினேன். திட்டுவான் என்று நின்றேன். அவன் திட்டவில்லை. படத்தில் அம்மாவின் மடிமேல் விரலை வைத்தான்.

"மடியில யாருக்கா?"

"நீதான்டா. இடது கையால அணைச்சிருக்காங்க பாரு."

நாற்பது வயதுக்காரன், தலையில் நரை விழுந்தவன், படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான்.

"கல்யாண வீட்டுல அத்தனை பேரு இருந்திருப்பாங்களேக்கா. சாப்பிடற நேரத்துலகூட என்னை யார்கிட்டயும் குடுக்கலையா?"

"குடுக்கலடா" என்றேன்.