உயிர் இருக்கிற தோல்

செவ்வாய்க்கிழமை காலை மேசையில் தோலைப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது விரிஞ்சிபுரத்திலிருந்து போன் வந்தது. தணிகாசலம் அண்ணனின் மனைவி. "அவரு போய்ட்டாரு சார்" என்றார். மாலைக்குள் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் யாரோ "குதிரையை நேசித்த நல்ல மனிதர்" என்று போட, வரிசையாகக் கைகூப்பிவிட்டார்கள். இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நான்தான் எழுத வேண்டுமாம், அவரோடு அதிகம் பழகியவன் நான்தானாம். போன மாதம்வரை ஏழு வருடமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர் அவர். அது ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியாது.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் எல்லாரும் ஷூ தைத்துக்கொண்டிருக்க, நாம் வெளிநாட்டுக்குச் சேணம் தைத்தோம். போட்டுப் பார்க்கக் குதிரை வேண்டும் என்று கம்பெனி வாங்கியதுதான் செல்வி என்ற பழுப்புக் குதிரை. அதைப் பார்த்துக்கொண்டவர் அண்ணன். அதன் முதுகில் சாக்பீஸ் தூளைத் தூவி, சேணத்தை ஏற்றி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறக்குவார். தூள் அழிந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது என்று அர்த்தம். தரம் பார்க்கும் அதிகாரி என்ற முறையில் நான் தள்ளி நின்று பார்த்துவிட்டு எழுதிக்கொள்வேன். "கண்ணால பாத்து எழுதாதீங்க சார், கை வெச்சிப் பாருங்க" என்பார். நான் வைத்ததில்லை. குதிரை வாடை சட்டையில் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவர் சட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளம்பு சுரண்டக் குனிந்தால் செல்வி அவர் காலரைப் பிடித்து மெல்லும். அவரிடம் முழுக் காலரோடு ஒரு சட்டைகூடக் கிடையாது. கந்தலாக வேலைக்கு வருவதாக அலுவலகத்தில் இரண்டு முறை எச்சரித்தார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, குதிரைக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிடுங்கள், நானே படித்துக் காட்டுகிறேன் என்றாராம். அதன் பிறகு விட்டுவிட்டார்கள்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு புது மாடல் சேணம் வந்தது. உள்ளே இருக்கும் சட்டம் ஒடுக்கம், முதுகைக் கடிக்கும் என்று முதல் நாளே சொல்லி, சேணத்தின் சோதனைக் கார்டில் கையெழுத்துப் போட மறுத்தார். ஆர்டர் கொடுத்தவர்களுக்கு அந்த மாடல்தான் வேண்டும். ஆகவே பத்து நாள் திரும்பத் திரும்ப ஏற்றச் சொன்னேன். பத்தாம் நாள் செல்வியின் தோள்மேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு முடி போய்ச் சதை தெரிந்தது. மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார், செல்வி மேல் ஏறிப் பார்க்கப் போகிறார்.

தோலில் கீறலோ உண்ணி கடித்த தழும்போ இருந்தால் நாம் என்ன செய்வோம்? பிக்மென்ட் சாயம் அடித்து மறைப்போம். இருபது வருடமாகப் பழகிய கை அது. நான் ஃபினிஷிங் பிரிவுக்குப் போய்ப் பழுப்பு பிக்மென்டும் ஸ்பாஞ்சும் எடுத்து வந்தேன். அண்ணன் குறுக்கே நின்றார்.

"சார், இது உயிர் இருக்கற தோலு சார்."

புண் தெரிந்தால் செல்வியைப் பேரணாம்பட்டில் கல்யாண ஊர்வலக் குதிரை வைத்திருப்பவருக்குத் தள்ளிவிடுவார்கள் என்றேன். அந்த ஆள் குதிரையை எதால் குத்தி ஆட வைப்பார் என்று அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். தள்ளிவிடப்போவதாக யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நானாகச் சொன்னேன். அவர் விலகி, செல்வியின் தலையைப் பிடித்து, நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டார். நான் ஒற்ற ஒற்ற அதன் தோல் துடித்தது. இரண்டு கோட் அடித்தேன். வேலை சுத்தமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் வந்தவர் முதுகைத் தடவிக் கொடுத்து, நல்ல குதிரை என்றார்.

அண்ணன் அன்று மாலையே கழுவிப் பார்த்தார். வரவில்லை. கழுவினால் போகாத பிக்மென்ட் என்று எனக்குத் தெரியும், தண்ணீர் பட்டால் போகாது என்று சான்றிதழ் கொடுப்பவனே நான்தான். உள்ளே சீழ் கட்டியது. அடுத்த வாரம் செல்வியின் தாடை பூட்டிக்கொண்டது. ரணஜன்னி, டெட்டனஸ் என்றார் கால்நடை மருத்துவர், மூடிய புண்ணில்தான் அது வளரும் என்றார். ஊறவைத்த கொள்ளு அப்படியே இருந்தது. அண்ணன் தன் காலரை அதன் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அதற்கு வாயைத் திறக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை செல்வி செத்தது. தோலை உரித்து எடுத்துக்கொள்ள ஒருவர் வண்டியோடு வந்துவிட்டார், நம் ஊரில் அதற்குத் தாமதமே கிடையாது. அண்ணன் கட்டிங் பிரிவிலிருந்து கத்தியை எடுத்து வந்து, முதுகிலும் வயிற்றிலும் நீள நீளமாகக் கிழித்தார். அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஓடிப் பிடித்தார்கள். நான் பிடிக்கவில்லை. கத்தி பட்ட தோலை எந்தத் தொழிற்சாலையும் எடுக்காது. வண்டிக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "இனிமே இதுக்கு எவனும் கலர் அடிக்க முடியாது" என்றார் அண்ணன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பின்பக்கக் காலி மனையில் அவரே குழி வெட்டிப் புதைத்தார். வேலையை விடவில்லை, பேக்கிங் பிரிவுக்குப் போனார். அவருடைய காலர்கள் அதன் பிறகு முழுசாக இருந்தன.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். பக்கவாதத்தில் விழுந்து ஐந்து மாதம். அவர் போய்ச் சேரும் முன் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசைதான். முதுகெல்லாம் படுக்கைப் புண். மேலே பவுடர் போட்டு வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும், "கை வெச்சிப் பாருங்க சார்" என்றார். வைத்தேன். கொதித்தது.

"சுடுதா?"

"சுடுது அண்ணே."

"செல்விக்கும் இப்டித்தான் சுட்டுச்சி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். அதோடு சரி.

அவர் என்னை மன்னித்துவிட்டுப் போனார் என்று முடித்தால் கூட்டத்தில் வாசிக்க நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. சாவு வீட்டில் அவர் மனைவி, உங்களைப் பற்றி அடிக்கடி பேசுவார் என்றார். என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சேணத்தின் கார்டு ஒன்றுதான். அவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதற்கு மேலே, குறை எழுதும் இடத்தில், பென்சிலில் அவர் எழுதியது: "செல்விக்கு வலிக்கிறது." படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.