ரெஜினா தேர்ந்தெடுத்த ஆம்ப்

செய்தி வந்தபோது நான் மந்தைவெளி சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அழைத்தது ரெஜினாவின் தம்பி ஸ்டீபன். “அக்கா போயிட்டாங்கண்ணா” என்றான். “எங்க?” என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கா, கடைக்கா என்ற அர்த்தத்தில்தான் கேட்டேன். அவன் அழுத பிறகுதான் விளங்கியது. காலையில் எழுந்து காபி போட்டிருக்கிறார். அடுப்படியிலேயே சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு.

இந்த மாதிரி அஞ்சலிக் கட்டுரைகளில் துக்கத்தைத்தான் எழுதுவார்கள். எனக்கு முதலில் வந்தது கோபம். இன்னும் அதுதான் இருக்கிறது. ரெஜினாவைத் தெரிந்தவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரோடு பழகிய யாரும் ஒரு தடவையாவது அவரிடம் பல்லைக் கடிக்காமல் இருந்திருக்க முடியாது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அவர் கணக்கு மிஸ். மாதா கோயில் பங்கு மக்களுக்குப் பாடகர் குழுவின் ரெஜினா. எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு அவர்தான் கிட்டார். நான் பாடுகிறவன். கல்யாண வரவேற்பு, மாதா கோயில் திருவிழா, கம்பெனி விழா என்று இருபது வருடங்களுக்கு மேல் ஒரே மேடையில் நின்றோம். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டும்போது நாற்காலிகளில் ஒரு சலசலப்பு எழும். அவர் வாசிக்கத் தொடங்கியதும் அடங்கிவிடும்.

தகராறெல்லாம் ஆம்ப்ளிஃபையரால் வந்தது. நாங்கள் ஆம்ப் என்போம். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலி அந்தப் பெட்டி வழியாகத்தான் வெளியே வரும். ரெஜினாவிடம் இருந்தது, அந்தக்கால ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு வைத்த பழைய பெட்டி. தூக்க இரண்டு பேர் வேண்டும். சத்தத்தைக் கூட்டி வைத்தால்தான் அதன் குரல் திறக்கும். ஆனால் இப்போது எந்த மேடையிலும் பாட்டு, தபலா, கீபோர்டு எல்லாமே ஒலிகளைக் கலந்து அளவு பார்க்கும் மிக்ஸருக்குப் போய், சவுண்ட் சிஸ்டம் வழியாகத்தான் சபையை அடைகின்றன. ரெஜினாவின் பெட்டி மட்டும் தன் பாட்டுக்குத் தனியாக முழங்கிக்கொண்டிருக்கும்.

தி. நகரில் ஒரு வரவேற்பு. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் எங்கள் சவுண்ட் பொறுப்பாளர் பாபு மேடைக்கே ஓடிவந்துவிட்டார்.

“அக்கா, மிக்ஸர்ல உன் கிட்டார முழுசா மூடி வெச்சிக்கிறேன். அப்பவும் உன்துதான் கேக்குது. நான் அங்க இன்னாத்துக்கு குந்திகினு கீறேன்?”

“குறைச்சா டோன் செத்துடும் பாபு.”

“டோன் கெடக்கட்டும்க்கா. முன்னாடி பாரு, பெருசு ஒண்ணு காதப் பொத்திகினு கீது.”

அந்தப் பெரியவர் கல்யாணப் பெண்ணின் பெரியப்பா. அதற்குள் எழுந்து என்னிடமே வந்துவிட்டார். “ஒருத்தரோட ஒருத்தர் பேசிண்டிருக்கவே முடியலை சார். அந்த மாமியைச் சித்த அடக்கி வாசிக்கச் சொல்றேளா?”

ரெஜினா காதில் அது விழுந்தது. குமிழைத் திருகிக் குறைத்தார். மிச்ச நிகழ்ச்சி முழுக்க டப்பாவுக்குள் அடைபட்ட வண்டு மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது சொன்னார்: “கூட்டினா ஊரே அடிக்க வருது. குறைச்சா என்னை நானே அடிச்சிக்கணும் போல இருக்கு.”

அடுத்தது பாலவாக்கம். கடற்கரையோரம் ஒரு கம்பெனி விழா. ஆம்பே வேண்டாம், ஆம்பின் ஒலியைப் போலவே தரும் ஒரு சின்னக் கருவியைக் காலடியில் வைத்து நேராக மிக்ஸரில் சொருகிவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைச் சம்மதிக்க வைத்தோம். அப்படிச் செய்தால் வாசிப்பவருக்குத் தன் ஒலி கேட்க மானிட்டர்தான் கதி. அதாவது, மேடையில் நம்மைப் பார்த்து வைத்திருக்கும் ஸ்பீக்கர். நான்காவது பாட்டில் ரெஜினாவின் மானிட்டர் நின்றுபோனது. அவர் கையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார். பாபு தூரத்திலிருந்து “வெளிய சூப்பரா கேக்குதுக்கா!” என்று கட்டைவிரலைத் தூக்குகிறார். ரெஜினா தன் விரல்களையே பார்த்தபடி, ஒரு சுரம்கூடக் காதில் விழாமல், நிகழ்ச்சியை முடித்தார். கைதட்டல் நன்றாகத்தான் இருந்தது. கீழே இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஜனங்களுக்குக் கேட்டுச்சு, சரி. எனக்குக் கேக்காத கிட்டாரை நான் எதுக்கு ரகு வாசிக்கணும்?”

அடுத்த நிகழ்ச்சிக்குப் பழைய பெட்டி திரும்பி வந்தது. இனி அந்தப் பெட்டி வந்தால் நான் வரமாட்டேன் என்று பாபு சொல்லிவிட்டார். கிட்டார் பகுதிகளைக் கீபோர்டிலேயே வாசித்துவிடலாமே என்று குழுவில் இரண்டு பேர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அது ரெஜினாவுக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மண்டபப் படிகளில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பெட்டியின் ஒரு பக்கத்தை அவரேதான் தூக்குவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். “இந்தப் பெட்டி என் உயிரை வாங்குது” என்று சொல்லிக்கொண்டே ஏறுவார். நாங்களும் அதை நம்பினோம். சத்தமும் குறைய வேண்டும், கனமும் குறைய வேண்டும் என்று புது ஆம்ப் தேடும் வேலை தொடங்கியது.

அண்ணா சாலைப் பக்கம் இருந்த ஒரு கடைக்குப் பல சனிக்கிழமைகள் போனோம். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் இருப்பதிலேயே பெரியதைக் காட்டுவார். “பெரிய ஷோவுக்கு இதுதான் மேடம்.”

“சவுண்ட் சிஸ்டம் இருக்கிற இடத்துல என் ஆம்ப் ஹால் முழுக்கக் கேக்கணுமா, எனக்குக் கேக்கணுமா?”

“ரெண்டும்தான் மேடம்.”

ரெஜினா எனக்குப் பக்கத்தில் வந்து பெருமூச்சு விட்டார். “பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி, கடையில எல்லா ஆம்பும் நல்லாத்தான் பேசும்.” அதனால் என்னை அங்கே இருந்த டிரம்ஸில் உட்காரவைத்து, பலம் கொண்ட மட்டும் அடிக்கச் சொன்னார். டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவில் தன் கிட்டார் தனக்குக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். எனக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியாது. உள்ளறையிலிருந்து முதலாளியே எழுந்து வந்துவிட்டார். கடைசியில் ரெஜினா எடுத்தது, சக்தி குறைந்த, வால்வு வைத்த ஒரு சின்னப் பெட்டி. குறைந்த சத்தத்திலேயே அதன் குரல் திறந்துவிடும். முன்னால் ஒரு மைக் வைத்தால் மீதியை சவுண்ட் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். ஒரே கையால் தூக்கலாம்.

அடையாறில் மாடியில் இருந்த ஒரு மண்டபத்தில்தான் அது முதலில் மேடையேறியது. லிஃப்ட் விருந்தினருக்கு மட்டும் என்றார்கள். ரெஜினா பெட்டியை ஒரு கையில் தொங்கவிட்டபடி எனக்கு முன்னால் ஏறினார். பாதிப் படியில் நின்றார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“இப்ப பெட்டி கனமில்லையே, ரெஜினா.”

“படி உசரம்ப்பா.”

“நாளைக்கே டாக்டரைப் பாரு. நானே கூட்டிட்டுப் போறேன்.”

“பரிட்சை பேப்பர் திருத்தி முடிச்சிடறேன். நீ முதல்ல மேல போய் உன் மைக்கைப் பாரு.”

மறுநாள் ஸ்டீபனிடம் சொன்னேன். அவன் டாக்டரிடம் நேரம் வாங்கினான். அவர் தள்ளிப்போட்டார். மறுபடி வாங்கினான். மறுபடி தள்ளிப்போட்டார்.

அன்று அந்த அடையாறு மேடையில் அவர் ஆம்பைத் தரையில் வைக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, தன் முகத்தைப் பார்க்கும்படி பின்னுக்குச் சாய்த்தார். இத்தனை காலமும் பழைய பெட்டியின் சத்தம் தரையிலிருந்து அவருடைய முழங்காலைத் தாண்டிப் போய் முன்வரிசையை அறைந்துகொண்டிருந்தது. தனக்குக் கேட்கவில்லை என்று அவர் கூட்டிக் கூட்டி வைத்ததும் அதனால்தான். மெதுவான ஒரு பாட்டில், நான் முதல் அடியைப் பாடி நிறுத்திய இடத்தில், அவர் நாலே சுரங்களில் பதில் சொன்னார். அத்தனை மெல்லிய வாசிப்பை அவரிடம் அதுவரை நான் கேட்டதில்லை. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இத்த அப்பவே வாங்கியிருந்தா என் முடியாவது கொட்டாம இருந்திருக்கும்க்கா” என்றார் பாபு. ரெஜினா வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் ஸ்டீபனின் அழைப்பு வந்தது. திருத்திய விடைத்தாள்கள் ஒரு கட்டு, திருத்தாதவை ஒரு கட்டு, மேசையிலேயே இருந்தன.

கோயிலில் அடக்கத் திருப்பலிப் பூசையில் மைக் ஓயாமல் கூவியது. சாமியார் ஜெபம் சொல்லச் சொல்ல அது ஊளையிட்டது. பாபு பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் மிக்ஸர் முன்னால் மண்டியிட்டார். வெளியே வந்தபோது யாரோ, “படுக்கையில கெடக்காம போய்ச் சேர்ந்தாங்க, கொடுத்துவெச்சவங்க” என்றார்கள். எனக்கு அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெட்டிக்குள் ஊசிமுனையளவு இரைச்சல் கேட்டால் திருப்புளியை எடுத்து உட்காருகிறவர் அவர். தன் நெஞ்சு சொன்னதற்குப் பேப்பர் கட்டைக் காரணம் காட்டினார். இத்தனை சனிக்கிழமை அலைந்து, தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு மேடையில் வாசித்துவிட்டுப் போய்விட்டார். இதில் என்ன கொடுப்பினை?

கிட்டார் ஸ்டீபனிடம் இருக்கிறது. சின்ன ஆம்ப் பங்குப் பாடகர் குழுவுக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது வேறு. சில நாட்களாக இடது காதில் ஒரு மெல்லிய கூவல். காது மருத்துவரிடம் போனேன். சத்தமான இடத்தில் வேலையா என்று கேட்டார். மேடையில் ரெஜினாவின் பழைய பெட்டி எப்போதும் என் இடப்பக்கம்தான் இருக்கும். இனி இது போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

எரிச்சலாகத்தான் இருக்கிறது. அறை அமைதியாக இருந்தால் இன்னும் கூடுகிறது. ரெஜினாவிடம் இதைச் சொல்லியிருந்தால், என்ன சுருதி என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.