பகல் ஒரு மணிக்குப் பேசிய ஆங்கிலம்

ஸ்டெல்லா அக்காவின் எண்ணிலிருந்து வழக்கம்போல பகல் ஒரு மணிக்கு அழைப்பு வந்தது. நானும் வழக்கம்போல "குட் ஆஃப்டர்நூன்" என்றேன். மறுமுனையில் பேசியவர் அவருடைய தங்கை. "அக்கா போயிட்டாங்க சாந்தி. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு" என்றார். அப்போது நான் எந்த மொழியில் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

பொகவந்தலாவையில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவை அவர்தான் பார்த்துக்கொண்டார். அக்கரப்பத்தனைப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் எனக்கும் அதே வேலை. ஆறு வருடங்களுக்கு முன் ஹட்டனில் நடந்த ஒரு பயிற்சியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். வெளிநாட்டுப் பெண் ஒருவர் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். மொழிபெயர்த்தவர் அதை மூன்று வரியில் முடித்தார். "மிச்சத்த யாரு சாப்பிட்டாங்க?" என்று அக்கா என் காதில் கேட்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போதே, ஆங்கிலம் படித்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம்.

வகுப்புக்குப் போக எங்களுக்கு ஏது நேரம்? மாலையில் சமைக்கும்போது அரிசி டின்னில் போனைச் சாய்த்து வைத்து யூடியூபில் ஒரு பாடம் பார்ப்போம். பிறகு வானொலியில் ஆங்கிலச் செய்தி. "செய்தியெல்லாம் ஒரே சண்டையா இருக்கு. வானிலைதான் நம்ம தரத்துக்குச் சரி" என்பார் அக்கா. அதனால் அவர் முதலில் பேசிய முழு வாக்கியங்கள் எல்லாமே மழையைப் பற்றியவை. மறுநாள் ஒரு மணிக்குப் பிள்ளைகள் தூங்கியதும் படித்ததைப் போனில் பேசிப் பார்ப்போம். பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதே என்று குசுகுசுவென்றுதான் பேசுவோம். இரண்டு வருடங்கள் அப்படியே படித்தோம்.

அக்காவின் காம்பராவில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. பிள்ளைகளைக் கழுவ, கீழே ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய் அவரே வாளியில் சுமந்து வருவார். என் காம்பராவில் கூரை ஒழுகியது. எங்கள் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பார்கள், குறை கேட்பார்கள். நாங்கள் சொல்வதைத் தோட்டத்து உத்தியோகத்தர் மொழிபெயர்ப்பார். "நம்ம வார்த்த இன்னொருத்தர் வாய்க்குள்ள போனா, மாலை போட்டுக்கிட்டு வெளிய வருது" என்று அக்கா சொல்வார். அவரவர் குறையை அவரவரே ஆங்கிலத்தில் சொல்வது என்று போனிலேயே சத்தியம் செய்துகொண்டோம்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது அக்கா எழுந்து நின்று சொன்னார். ஆனால் ஆங்கிலம் என்றாலே அவர் வாய் குசுகுசுப்பாகத்தான் பழகியிருந்தது. வந்தவர் குனிந்து காதைக் கொடுத்தும் ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மா நன்றி சொல்கிறார் என்று உத்தியோகத்தர் முடித்துவைத்தார். "நன்றியாம்டி! வாளி தூக்கித் தூக்கி தோளே எறங்கிப் போச்சு, நன்றியாம்!" என்று அக்கா போனில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அன்று சொன்ன வாக்கியத்தையே மறுபடி எனக்குச் சொல்லிப் பார்த்தார். நானும் போனை வைக்காமல் கேட்டேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து திரும்பும்போது தேயிலைக்குள் இறங்கி, எதிர்மலைக்குக் கேட்கும்படி கத்திப் பழகினார். பார்த்தவர்கள் அவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். மறு வருடம் வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது அவர் போட்ட சத்தத்தில் தூங்கிய பிள்ளைகளெல்லாம் எழுந்து அழுதார்களாம். "நோ வாட்டர். ஐ கேரி. எவ்ரி டே." அவ்வளவுதான் சொன்னார். இரண்டு மாதத்தில் குழாயில் தண்ணீர் வந்தது.

அக்கா அப்படிக் கத்திச் சொன்ன அதே வாரம் அவர்கள் எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்கள். மறுநாள் ஒரு மணிக்கு அக்கா, "வாயத் தொறந்தியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேங்க்கா. எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க" என்றேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அடக்கத்தன்று முன்பின் தெரியாத பெண்கள் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "இங்கிலீசுல கூர ஒழுகுதுன்னு சொன்னவங்க நீங்கதானே? அக்கா ஒங்களப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருப்பாங்க" என்றார்கள். நான் தலையாட்டினேன்.

இப்போதும் ஒரு மணி ஆகிறது, பிள்ளைகள் தூங்குகிறார்கள். போனில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் நான் தட்டித் தடவி ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்க அவற்றால் முடியாது. இந்த மலைகளில் எனக்கு ஆங்கிலம் பேச இருந்தவர் ஒரே ஒருவர். அவர் போனபின் அந்த மொழியில் நான் ஊமை.

இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும், அக்காவை அறிந்த உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்த அன்று நான் வாயைத் திறக்கவில்லை. வந்தவர் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். வாக்கியம் நாக்கு வரை வந்தது. பக்கத்தில் நின்ற உத்தியோகத்தரைப் பார்த்தேன், வருடம் முழுக்க இவரிடம்தானே வேலை செய்ய வேண்டும் என்று நினைத்தேன், தலையைக் குனிந்துகொண்டேன். கூரை இன்னும் ஒழுகுகிறது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கைதட்டல் ஒன்றுதான். அது எனக்கு உரியதல்ல. பொய் சொன்னேன் அக்கா என்று சொல்லவும் இனி ஆள் இல்லை.