இறுக்கமாய்க் கடைந்த பிஸ்டன்

போடியில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுவது என் வேலை. விஞ்ஞானிகள் படம் வரைந்து கொடுப்பார்கள், நான் கடைந்து கொடுப்பேன். என் கையிலிருந்து எதுவும் லொடலொடவென்று போகாது என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

ஏலத்தோட்டத்து மண் விடும் காற்றை அளக்க, ஆய்வு மாணவி ஒருத்தி கருவி கேட்டிருந்தாள். பித்தளைக் குழாய்க்குள் நைலான் பிஸ்டன். காற்றை அடைக்க ரப்பர் வளையம். பிஸ்டனுக்கும் குழாய்க்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லிப் படத்தில் போட்டிருந்தாள். ரப்பரை நம்பி வேலை செய்கிறவளா நான்? இறுக்கமாகவே கடைந்து அனுப்பினேன். அவளிடம் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் போன் வந்தது. போடிமெட்டுக்கு மேலே, தோட்டத்தில், பிஸ்டன் சிக்கிக்கொண்டு நகரவில்லையாம். மழை பிடித்த முதல் வாரத்தில் மண் விடும் காற்றைத்தான் அவள் அளக்க வேண்டும். மழை பிடித்துவிட்டது. இந்த வாரம் போனால் அடுத்த வருஷம்தான்.

மறுநாள் காலை, தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினேன். வளைவுக்கு வளைவு, தப்பு என்னுடையதாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். மேலே போனதும் பிஸ்டனைத் தட்டி வெளியே எடுத்து அளந்தேன். ஊதியிருந்தது. போடி வெயிலில் கடைந்த நைலான், மலை ஈரத்தைக் குடித்துப் பருத்திருக்கிறது. அவள் கேட்ட இடைவெளி அதற்குத்தான்.

அவளுடைய பேராசிரியரும் வந்திருந்தார். "டிசைனே சரியில்லம்மா. இந்த வருஷம் விட்டுருவோம்" என்றார். அவள் தலையாட்டினாள். கண்கள் வீங்கியிருந்தன.

நான் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"சார், படம் சரியாத்தான் இருக்கு. நாந்தான் என் இஷ்டத்துக்கு இறுக்கமாக் கடைஞ்சிட்டேன். சாயங்கால ஜீப் கெளம்பறதுக்குள்ள சரிபண்ணித் தர்றேன்."

"இங்க லேத் இல்லையே?"

"கை இருக்குல்ல சார்."

கீழே கொண்டுபோனால் காய்ந்து சுருங்கிவிடும். ஊதியிருக்கும்போதே தேய்த்தால்தான் அளவு நிற்கும். கையோடு கொண்டுபோயிருந்த எமரி உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துப் பிஸ்டனைத் திருப்பினேன். பத்துச் சுற்று, துடைத்து ஒரு அளவு, மறுபடியும் பத்துச் சுற்று. ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தாலும் போச்சு, வேறு நைலான் கையில் இல்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. விரல் நுனியில் தோல் உரிந்தது. மூன்று மணிக்கு மேல் ரப்பர் வளையத்தை மாட்டிக் குழாய்க்குள் விட்டேன். தடையில்லாமல் போனது, வந்தது.

அவள் முதல் அளவை எடுத்து நோட்டில் எழுதினாள். கீழே போகிற ஜீப் ஹாரன் அடித்தது. கிளம்பப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் இடைவெளிக் கணக்கு தப்பில்லதானேக்கா? ராத்திரியெல்லாம் அதையே போட்டுப் போட்டுப் பாத்தேன்."

"தப்பில்ல தாயி."

அதையே இன்னும் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் சொன்னேன்.