மூன்று கட்டம் அகலமான வீடு

பவானி காய்ச்சலில் போய்விட்டாள் என்று அவளுடைய தம்பி போனில் சொன்னபோது, நான் திருகோணமலைக்குப் பக்கத்தில் கப்பல்துறை என்ற ஊரில் ஒரு கூரை வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஆர், எங்கட பவானியோ?" என்று கேட்டேன். விசர்க் கேள்வி. வேறு எந்தப் பவானியை எனக்குத் தெரியும்?

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கிற, அவளோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், பவானி அடங்கிப் போகிற ஆள் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியிலும் எனக்கு அடுத்த கதிரை, அலுவலகத்திலும் அடுத்த கதிரை. இருவரும் படவரைஞர்கள்.

சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கான தற்காலிக வீட்டின் வரைபடம் மேலிடத்திலிருந்து வந்திருந்தது. பத்தடி அகலம். சாப்பாட்டு நேரத்தில் பவானி அதை, வீடு கட்டிக் குடும்பம் நடத்துகிற ஒரு கணினி விளையாட்டில் கட்டத் தொடங்கினாள். அங்கே எல்லாம் கட்டக் கணக்கு. ஒரு கட்டம் மூன்றடி என்று எடுத்தால்தான் கட்டிலும் கதவும் ஆள் அளவுக்கு வரும்.

"பத்தை மூன்றால் பிரிக்க ஏலாது. விடும்," என்றேன்.

"நீர் என்ன, சுவருக்குள்ளேயோ குடியிருக்கிறனீர்? ரெண்டு பக்கமும் அரையடிக் கல்லு. கழிச்சுப் பாரும்."

ஒன்பதடி. சரியாக மூன்று கட்டம். விளையாட்டில் சுவருக்குத் தடிப்பே கிடையாது. எனக்கு அது மண்டையில் ஓடவே இல்லை.

பிறகு தாய், தகப்பன், நாலு பிள்ளைகளை உள்ளே விட்டாள். பாய் விரிக்கிற இடமெல்லாம் கட்டில். பின்மூலையில் குசினி, அதில் அடுப்பு; வாசல் முன்பக்கம் ஒன்றுதான். சற்று நேரத்தில் அடுப்பில் தீப்பிடித்தது. வெளியே போக வழியில்லாமல் அந்தத் தாய் கையை உதறிக்கொண்டு நின்றாள். வரைபடத்தில் நான் அதுவரை பார்த்ததெல்லாம் கோடுதான்.

பவானி நேரே பொறியியலாளரை இழுத்து வந்து காட்டினாள். "அலுவலகத்தில கேம் விளையாடுறியளோ?" என்றார் அவர். பிறகு, "பிள்ளை, கேமில எண்டா கட்டில். இஞ்ச பாய்தானே? கடந்து போகலாம்."

"கொதிக்கிற பானையோட, பிள்ளையளின்ர தலைக்கு மேலாலயோ ஐயா?"

அவர் வரைபடத்தை எடுத்து விரித்தார். குசினிச் சுவரில் ஒரு கதவைத் தானே பென்சிலால் கீறினார். அத்தனை வீடுகளுக்கும் அந்தக் கதவு வந்தது.

செத்தவீடு முடிந்த மறுநாள் அந்த வீடுகளுக்குப் போனேன். ஒரு வீட்டின் பின்பக்கம் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பிள்ளைகள் படுத்திருந்தார்கள். தாய் சோற்றுப் பானையோடு கஞ்சி வடிக்க வெளியே வந்தாள். பவானியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

"தம்பி, சுடுது. வழியை விடுங்கோ," என்றாள்.

விட்டேன். இப்போது எந்த வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் ஆட்களை உள்ளே நடக்கவிட்டுத்தான் பார்க்கிறேன். பவானியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.